மடத்து வயலின் மூலைகள்

தை மாதம் எங்கள் வயலில் அறுவடை மிஷின் இறங்கும் அன்று காலையில் எனக்கும் என் தம்பிக்கும் ஒரு சண்டை நிச்சயம். மிஷின் பெரிய வண்டி. வயலின் மூலைக்குள் நுழைந்து திரும்ப அதனால் முடியாது. அதனால் மிஷின் வருவதற்கு முன்பே ஆள் விட்டு நான்கு மூலைகளையும் அரிவாளால் அறுத்து வைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நான் மூலையை அப்படியே விடச் சொல்வேன். தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்தக் கிறுக்கு உனக்கு ஆஸ்டல்ல புடிச்சது" என்பான். உண்மைதான். அதைப் பிடிக்க வைத்தவளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் பதினொன்றும் பன்னிரண்டும் படித்தது தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, கன்னியர் மடம் ஒன்று நடத்தும் பெண்கள் பள்ளியில். ஆஸ்டலும் அங்கேயே. எங்களுடையது குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிற குடும்பம். ஆனாலும் அப்பாவுக்கு சிஸ்டர்கள் மேல் அபார நம்பிக்கை. "கண்டிப்புன்னா அவங்கதான்" என்று சொல்லிக்கொண்டே கொண்டுவந்து சேர்த்தார். என் வாயை அடக்க வீட்டில் ஆளில்லை என்பதுதான் நிஜமான காரணம். அங்கேயும் ஆளில்லை என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது.

மடம், பள்ளி, ஆஸ்டல் மூன்றுக்கும் ஒரே தலைவி. மதர் என்போம். அறுபதை நெருங்கிய வயது. வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்து, கணக்கில் பட்டம் வாங்கியவர். நான் சேர்ந்த வருடம்தான் அவரும் மாற்றலாகி வந்திருந்தார். அவர் நடந்து வருவது காதில் விழாது, வந்து நின்ற பிறகுதான் தெரியும். எது வீணானாலும் அவருக்குப் பொறுக்காது. ஒழுகுகிற குழாயைப் பார்த்தால் அதைச் சரிசெய்ய ஆள் வரும் வரை பக்கத்திலேயே நிற்பார். தட்டில் நாலு பருக்கை மிச்சம் வைத்தவள் அன்று முழுவதும் அவர் கண்ணில் படாமல் திரிய வேண்டும். நல்ல மனுஷி. பயம் மட்டும் இல்லாமலிருந்தால் இதை நான் அப்போதே ஒத்துக்கொண்டிருப்பேன்.

எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவள் சீர்காழிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். சின்ன வகுப்பிலிருந்தே மடத்தின் தயவில் இலவசமாகத் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தயவு இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி அம்மாவோடு நாற்றுப் பறிக்கப் போக வேண்டியதுதான். இதை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி என்று ஒரு வகுப்பு உண்டு. அந்த நேரத்தில் என்னைப் போன்றவர்களுக்கு நன்னெறி. மறைக்கல்வியில் எப்போதும் அவள்தான் முதல். ஆண்டு விழாவில் மதர் தன் கையாலேயே அவளுக்கு ஒரு விவிலியத்தைப் பரிசாகக் கொடுத்து, "தினமும் வாசிக்கணும்" என்றார்.

மதர் செய்த முதல் தப்பு அதுதான். ஏனென்றால் அவள் நிஜமாகவே வாசித்தாள். பரிசாக வந்த புத்தகங்களை நாங்கள் எல்லோரும் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம். இவளோ முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டே போனாள். சாமியார்களே தாண்டிப் போய்விடுகிற சட்ட திட்டங்களைக்கூட விடவில்லை. "ஆட்டுக்கொழுப்ப என்ன பண்ணணும்னுகூட எழுதியிருக்குடி" என்று என்னிடம் வந்து சொல்வாள். கிடா வெட்டுகிற வீட்டுப் பெண் என்பதால் எனக்கு அதில் அக்கறை இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

சாயங்காலம் ஆஸ்டல் பிள்ளைகள் எல்லோரும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், சிற்றாலயத்தில் கூடுவோம். முறை வைத்து ஒரு பிள்ளை எழுந்துபோய் வேதத்திலிருந்து ஒரு பகுதியை வாசிக்க வேண்டும். எதை வாசிப்பது என்பதை மதர் முன்கூட்டியே பார்த்து, அந்தப் பக்கத்தில் சிவப்பு நாடாவை வைத்துவிடுவார். நாடா இருக்கும் இடத்தைத் திறந்து வாசித்து, முடித்ததும் "இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்று சொல்ல வேண்டும். உடனே மொத்தக் கூட்டமும் "இறைவா உமக்கு நன்றி" என்று சொல்லும். இது வாயிலிருந்து தானாக வரும். வாசித்ததில் ஊர் எரிந்திருக்கும், ஒரு ராஜா செத்திருப்பான், வெட்டுக்கிளி வந்து பயிரைத் தின்றிருக்கும். எதுவானாலும் முடிவில் நன்றிதான். பாதித் தூக்கத்தில் இருப்பவள்கூடச் சரியான இடத்தில் சொல்லிவிடுவாள். இந்த வழக்கத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்டினால் மடத்து வயல். கம்பி வேலி போட்டு, கேட்டும் வைத்தது. கிழக்குத் துண்டு முதலில் அறுப்புக்கு வரும். மேற்குத் துண்டு நடவு பிந்தியது என்பதால் அறுப்பும் பிந்தும். எங்கள் தட்டில் விழும் சோறு அந்த நெல்தான். அறுப்பு முடிந்ததும் வாய்க்கால்கரைத் தெருவிலிருந்து பெண்கள் முறமும் விளக்குமாறும் சாக்குமாக வந்துவிடுவார்கள். மிஷின் சிந்தியது, சக்கரத்தில் மிதிபட்டுச் சாய்ந்தது, நெல்லைக் கொட்டிய இடத்தில் மண்ணோடு கிடப்பது எல்லாவற்றையும் பொறுக்கிப் புடைத்து எடுத்துப் போவார்கள். எங்கள் பக்கத்தில் இதை யாரும் தானம் என்று சொல்வதில்லை, திருட்டு என்றும் சொல்வதில்லை. பொறுக்குகிறவர்கள் கேட்பதுமில்லை, வயல்காரர் கொடுப்பதுமில்லை. அது பாட்டுக்கு நடக்கும்.

கடற்கரையில் பிறந்த மதருக்கு இது தெரியாது. அந்தத் தையில் கிழக்குத் துண்டு அறுத்ததும் அவர் கண்ணில் பட்டது வயல் முழுக்க வீணாகிக் கிடந்த நெல். அந்த நேரம் பார்த்து வாத்துக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். அறுத்த வயலில் வாத்துகளை மேய விட்டு அங்கேயே பட்டி போட்டுக்கொள்கிறேன், பதிலுக்கு ஆஸ்டலுக்கு முட்டை கொடுக்கிறேன் என்றார். வீணாகப் போகிற நெல் முட்டையாகத் திரும்பி வருகிறது! கணக்கு டீச்சருக்கு வேறென்ன வேண்டும்? அன்றைக்கே சரி என்றுவிட்டார். கேட்டுக்குப் பூட்டு வந்தது.

துணி உலர்த்தும் மொட்டை மாடியிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலைந்து பெண்கள் சாக்கோடு வந்து பூட்டைப் பார்த்துவிட்டு நின்றார்கள். அவர்களில் மூத்தவர் வாட்ச்மேனிடம் ஏதோ கேட்க, மதரே நடந்துபோய்ப் பேசினார். காற்று எங்கள் பக்கம் அடித்ததால் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"இங்க எதுவும் சும்மாப் போகலம்மா. எல்லாம் பிள்ளைங்களுக்குத்தான் போகுது."

"சரிங்கம்மா" என்றார் அந்தப் பெண். அவ்வளவுதான். காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லோரும் வாய்க்கால்கரையோடு திரும்பிப் போய்விட்டார்கள்.

என் தோழியின் முகம் மாறிவிட்டது. "ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போயிருந்தாக்கூட தேவலடி. சரிங்கம்மான்னுட்டுப் போறாங்க பாரு" என்றாள். "எங்கம்மாவும் இப்படித்தான் சொல்லும்."

மறுநாள் மதியம் தட்டில் முட்டை வந்தது. ஆஸ்டலில் ஒரே கொண்டாட்டம். இவள் தன் முட்டையை என் தட்டுக்குத் தள்ளிவிட்டாள். கொள்கை அவளுடையது. முட்டையோடு எனக்கு என்ன பகை? இரண்டையும் சாப்பிட்டேன். நல்ல முட்டை.

அன்று மாலை படிப்பு நேரத்தில் அவள் விவிலியத்தைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். லேவியர் என்ற பகுதி. பத்தொன்பதாம் அதிகாரம். அதில் அறுப்பைப் பற்றி ஒரு சட்டம் இருந்தது. வயலை அறுக்கும்போது ஓரம் வரை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அயலூர்க்காரருக்கும் என்று விட்டுவிடு என்பது அதன் சாரம்.

"ஓரம் வரைக்கும்னா எதுடி? நீதான் வயக்காட்டு வீட்டுப் பொண்ணாச்சே, சொல்லு" என்றாள்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மிஷினால் மூலைக்குள் போக முடியாது, அதனால் ஆளை விட்டு மூலையை முதலில் அறுத்துவிடுவோம், அந்தக் கதிரையும் மிஷின் வாயிலேயே போட்டு அடித்துவிடுவோம் என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். படிப்பு நேரத்தில் சிரித்தால் அடி விழும் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மூலைய விடணும்னு மிஷினுக்கே தெரிஞ்சிருக்கு. நம்மதான் அருவாளத் தூக்கிட்டு ஓடுறோம்!" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வயலில் அரிவாளோடு நிற்கும் அப்பாவின் முகம் கண்முன் வந்து போனது.

புதன்கிழமை அவளுடைய வாசிப்பு முறை. முந்தின நாளே என்னிடம், "நாடாவ மாத்தி வைக்கப் போறேன்" என்றாள். நாடாவை ஒரு பிள்ளை தொடுவது என்பது அந்த ஆஸ்டலில் நடக்காத காரியம். "உனக்கு என்ன, சும்மாக் கெடைக்குற சோத்துல மண்ணள்ளிப் போட்டுக்கணுமா? மதர் பெட்டியக் கட்டச் சொல்லிட்டா எங்க போவ?" என்றேன்.

"தெரியும்டி" என்றாள். "அதுக்காகப் படிச்சது படிக்காததா ஆயிடுமா?"

பதினாறு வயதில் எத்தனையோ பேர் தைரியசாலிகள்தான், நானும் வாயில் தைரியசாலிதான். ஆனால் இழப்பதற்கு ஒன்றே ஒன்று இருக்கிறவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்துபோவதை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் எழுந்துபோனாள். புத்தகத்தைத் திறந்தாள். நாடாவை எடுத்து, நிதானமாகப் பக்கங்களைத் திருப்பி, வேறு ஒரு இடத்தில் வைத்தாள். முன்வரிசையில் மதர் கண்ணை மூடியிருந்தார். வாசிப்பின்போது அப்படித்தான் இருப்பார். அவள் சத்தம் போட்டு வாசிக்கவில்லை. எப்போதும் வாசிக்கிற குரலில்தான், அறுப்பையும் ஓரத்தையும் சிந்திய கதிரையும் பற்றிய அந்தச் சில வரிகளை வாசித்துவிட்டு, "இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்றாள்.

"இறைவா உமக்கு நன்றி" என்றோம் எல்லோரும். மதரும்தான். அவர் குரல் எங்கள் எல்லோருடைய குரலுக்கும் மேலே கணீரென்று கேட்டது. சொல்லி முடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

ஜெபம் முடிந்ததும் மதர் தன் அறைக்கு அவளைக் கூப்பிட்டார். நான் பின்னாலேயே போனேன். "உன்ன யாரு கூப்பிட்டா?" என்று கேட்டார். "வயலப் பத்தி அவளுக்குச் சொன்னது நான்தான் மதர்" என்றேன். "அப்ப நீயும் நில்லு" என்றார். அதனால்தான் அடுத்து நடந்ததை என்னால் வார்த்தை பிசகாமல் சொல்ல முடிகிறது.

மதர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். விவிலியத்தை மேசைமேல் விரித்து அதே அதிகாரத்தை எடுத்தார். "முழுசா வாசிச்சியா, உனக்கு வேண்டியத மட்டும் வாசிச்சியா?"

"முழுசா வாசிச்சேன் மதர்."

"இதே அதிகாரத்துல, ரெண்டு வித நூல் கலந்து நெய்த துணிய உடுத்தாதன்னு இருக்கு. நீ போட்டிருக்குற யூனிபார்ம் டெரிகாட்டன். அதுக்கும் நாடாவ மாத்தி வைப்பியா?"

அவள் குனிந்து தன் பாவாடையைப் பார்த்தாள். "யூனிபார்ம் நீங்க குடுத்தது மதர்" என்றாள்.

எனக்கு இருமல் வந்தது. இருமலாகத்தான் காட்டிக்கொண்டேன்.

மதர் விடவில்லை. "ஏழைன்னு பாத்து ஒருதலையா நடக்காதன்னும் இதுலயே இருக்கு. அந்த முட்டைய நானா சாப்பிடறேன்? இங்க இருக்கறதுகளும் ஏழைப் பிள்ளைங்கதான். உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. எனக்கே அது நியாயமாகப் பட்டது. அவளும் கொஞ்சம் யோசித்தாள். "பெரிய ஆளுன்னு பாத்தும் நடக்காதன்னு அந்த வரியிலயே அடுத்தாப்ல இருக்கு மதர். இது யாருக்கும் ஒருதலையா நடக்குறது இல்ல. சிந்துனது அவங்களோடதுன்னு இருக்கு. அவங்களோடத எடுத்து எனக்குக் குடுத்தா நான் எப்படிச் சாப்பிடறது?"

"அதிகாரத்தோட ஆரம்பத்துலயே தாய்க்கும் தகப்பனுக்கும் பயந்து நடன்னு இருக்கே. இந்த வீட்டுல உனக்குத் தாய் யாரு? அத ஏன் வாசிக்கல?"

"அந்த வசனம் எனக்கு மதர்" என்றாள். "நான் வாசிச்சது உங்களுக்கு." கொஞ்சம் நிறுத்தி, இன்னும் மெதுவாக, "நீங்களும் நன்றின்னு சொன்னீங்க" என்றாள்.

மதர் புத்தகத்தை மூடினார். அவர் முகத்தில் இருந்தது கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. "ஞாயித்துக்கிழம உங்கம்மாவ வரச் சொல்லு" என்றார்.

எங்கள் ஆஸ்டலில் அம்மாவை வரச் சொல்வது என்றால் பெட்டியைக் கட்டு என்று அர்த்தம். அதற்கு முன் அப்படி வரச் சொல்லப்பட்ட இரண்டு பேரும் அம்மாவோடு பஸ் ஏறித்தான் போனார்கள். அவள் போய்த் தன் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். பரிசு விவிலியத்தை மேலே வைத்தாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, அதை என் கையில் கொடுத்தாள். "இது மடத்துது. போறப்ப எடுத்துட்டுப் போனா நல்லாருக்காது." நான் அழுதேன். அவள் அழவில்லை. அதற்காக அவள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அம்மா வந்தார். கையில் மஞ்சள் பை. தை பிறந்தால் புது அவல் இடித்து அந்தப் பையில் எடுத்துவந்து மடத்துக்குக் கொடுப்பது அந்த அம்மாவின் வழக்கம். பிள்ளைக்குச் சோறு போடுகிற இடத்துக்குத் தன்னால் ஆனது. பார்வையாளர் கூடத்தில் மதரைக் கண்டதும் அவர் பையைக் கீழே வைத்துவிட்டு மகளின் முதுகில் ஒன்று போட்டார். என்ன ஏது என்றே கேட்கவில்லை.

"எவன்கூடயாவது பேசினாளா மதர்? சொல்லிடுங்க, நான் இன்னைக்கே அழைச்சிட்டுப் போயிடறேன்."

"பேசினா" என்றார் மதர். "ஆண்டவர்கூடத்தான் பேசினா."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. சன்னல் ஓரமாக நின்றுகொண்டிருந்த எனக்குச் சட்டென்று மூச்சு வந்தது. மதர் இவளை அனுப்பப் போகிறாரா இல்லையா என்பது அப்போதும் தெரியாது. ஆனால் அனுப்பத் தீர்மானித்துவிட்ட ஒருத்தர் அப்படிப் பேசமாட்டார் என்று தோன்றியது.

மதர் பையிலிருந்து ஒரு பிடி அவலை அள்ளிப் பார்த்தார். "சொந்த நிலமா?"

"நமக்கு ஏது மதர் நிலம்? அறுத்த வயல்ல சிந்திக் கெடக்கறத பொறுக்குவேன். ஒவ்வொரு வயல்லயும் கொஞ்சம் கொஞ்சம் கெடைக்கும். மொத அவல் எப்பயும் இங்கதான்." அவர் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து, "நல்லாக் கழுவித்தான் இடிச்சது மதர்" என்று சேர்த்துக்கொண்டார்.

மதர் கையிலிருந்த அவலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை வாயில் போட்டு மென்றார். யாரிடம் என்றில்லாமல், "எங்க கரையில வலைய உதறறப்ப மண்ணுல விழற மீன் பொறுக்குற பிள்ளைக்குத்தான். படகு வச்சிருக்குற சம்மாட்டிகூட கேக்கமாட்டார். நானும் பொறுக்கியிருக்கேன்" என்றார்.

அந்த அம்மாவுக்குக் காப்பி வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் எழுந்தபோது, "நான் இவள அழைச்சிட்டுப் போகணுமா மதர்?" என்று தயங்கிக் கேட்டார்.

"எதுக்கு? பரிட்சைக்குப் படிக்கவேண்டிய பிள்ள" என்றார் மதர்.

மகளைப் பார்த்து மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நீ சொன்னது சரி என்றும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. நான்தான் மாடிக்கு ஓடிப்போய், கட்டியிருந்த பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினேன். மடித்து வைத்திருந்த துணியெல்லாம் கசங்கிவிட்டது என்று என்னைத் திட்டினாள்.

அடுத்த வாரம் மேற்குத் துண்டில் அறுப்பு. மதர் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். அரிவாளோடு மூலையை அறுக்கப் போன ஆளை நிற்கச் சொன்னார். மிஷின்காரர் இறங்கிவந்து, "மூலைய அறுத்துக் குடுக்காட்டி வண்டி திரும்பாதுங்க மதர், நெல்லு நின்னு போயிடும்" என்றார்.

"எவ்வளவு திரும்புமோ திருப்புப்பா. மிச்சம் நிக்கட்டும்."

எதையும் வீணாக்கப் பிடிக்காதவர், நான்கு மூலைகளிலும் நெல் நிற்க நிற்க மிஷினை வெளியே அனுப்பினார். கேட் திறந்தே கிடந்தது. முதல் நாள் யாரும் வரவில்லை. மதர் வாட்ச்மேனை வாய்க்கால்கரைத் தெருவுக்கு அனுப்பிச் சொல்லிவிட்டார். அப்புறம் வந்தார்கள். அன்றைக்கு 'சரிங்கம்மா' சொன்ன அந்த மூத்த பெண் மூலைக்குப் போய் நின்று, அறுக்காமல் நிற்கும் கதிரையும் வரப்பில் நிற்கும் மதரையும் மாறி மாறிப் பார்த்தார். பொறுக்க வந்தவரிடம் அரிவாள் ஏது? மதர் மடத்துத் தோட்டத்து அரிவாளைக் கொடுத்தனுப்பினார். அவர்கள் பொறுக்கி முடித்த பிறகுதான் வாத்துகள் உள்ளே போயின. முட்டை பாதியாகக் குறைந்தது. சமையற்கட்டில் ஒவ்வொரு முட்டையையும் நூலால் இரண்டாக அறுத்து ஆளுக்குப் பாதி வைத்தார்கள். ஆஸ்டலில் பாதிப் பேர் என் தோழியோடு ஒரு வாரம் பேசவில்லை. அவள் அந்தப் பாதி முட்டையை ரசித்துச் சாப்பிட்டாள். எனக்குக் கொடுக்கவில்லை.

இன்று நாகப்பட்டினத்தில் ஒரு மருத்துவமனையில் நர்சாக இருக்கிறாள். பெரிய டாக்டர்களும் அவளைக் கேட்டுவிட்டுத்தான் வார்டில் எதையும் மாற்றுவார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஆச்சரியமே இல்லை. அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. மதரை நினைத்தாலும் அதே அளவு பெருமைதான். எதிர்த்துப் பேசியவளை அடக்கிவைக்க எல்லா அதிகாரமும் கையில் இருந்தும், ஒரு பெண்பிள்ளை சொன்னதற்காக வெயிலில் வரப்பில் நின்றவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் அப்போது தீராமலே இருந்தது. வாசிப்பு முறை சுற்றி வந்துகொண்டிருந்தது. அவளுடைய முறை மறுபடி வரும்போது மதர் அவளை வாசிக்க விடுவாரா? விட்டால் அவள் என்ன செய்வாள்? ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒருநாள் அந்த முறை வந்தது. முன்வரிசையில் மதர் இருந்தார். அவள் எழுந்துபோனாள். யாரும் தடுக்கவில்லை.

புத்தகத்தைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். நாடா எந்தப் பக்கத்திலும் இல்லை. மூடிய புத்தகத்துக்கு வெளியே, அட்டைமேல், சுருட்டி வைத்திருந்தது. அவள் மதரைப் பார்த்தாள். மதர் தலையை ஆட்டினார்.

அவள் பக்கங்களைத் திருப்பினாள். எந்தப் பகுதி என்று அவள் சொன்னதும் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே லேவியர். அதே பத்தொன்பதாம் அதிகாரம். போச்சுடா என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அவள் அறுப்பு வரைக்கும் போகவில்லை. அதிகாரத்தின் ஆரம்பத்திலேயே, ஒவ்வொருவரும் தன் தாய்க்கும் தகப்பனுக்கும் பயந்து நடக்க வேண்டும் என்று சொல்கிற அந்த ஒரு வசனத்தை வாசித்தாள். தன்னுடையது என்று அன்றைக்கு மதரிடம் ஒத்துக்கொண்ட வசனம். வாசித்துவிட்டு நிறுத்தினாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்றாள்.

நாங்கள் வழக்கம்போலத் தொடங்கப் போனோம். மதர் தொடங்கவில்லை. அதனால் நாங்களும் நின்றோம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்தபடி, வாசித்த ஒவ்வொரு சொல்லையும் சரிபார்ப்பவர் போல மதர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, தனியாக, முதலில் அவர்தான் சொன்னார்.

"இறைவா உமக்கு நன்றி."